வலி தெரியாத சாவு

அத்தியாயம் 16

போன வாரப் பத்திரிகை கைக்குக் கிடைக்காதவர்களுக்காக ஒரு நிமிடம். கிடைத்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வசனக்காரி ஒரு டி.வி. தொடருக்கு வசனம் எழுதுகிறாள். போர்முனையில் இருக்கும் சிப்பாய்களைப் பற்றிய தொடர். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு விமர்சகர், 'இவர்கள் சண்டைக்குப் போகிறார்களா, சலவைத்தூள் விளம்பரத்துக்கு வந்திருக்கிறார்களா?' என்று எழுதித் தொலைத்தார். அன்றையிலிருந்து சேனலில் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தைதான். எதார்த்தம். சட்டைகளை மண்ணில் புரட்டினார்கள். முகத்தில் கரி பூசினார்கள். அதுவும் போதாமல் வசனக்காரியின் கழுத்தைப் பிடித்தார்கள்.

அவள் எங்கே போவாள்? வீட்டிலேயே ஒரு முன்னாள் சிப்பாய் இருக்கிறான், அவளுடைய புருஷன். பட்டாளத்தை விட்டு வந்து, இப்போது அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறான். தெருவே அவனை லிஃப்ட்காரன் என்றுதான் கூப்பிடுகிறது. அவனும் அவனுடைய பெரியம்மா மகன் நெட்டையனும் ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போனார்கள். இவன் மட்டும் திரும்பி வந்தான். நெட்டையன் எப்படிச் செத்தான் என்பதை ஆறு வருடமாக மனசுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தவன், போன மாதம் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு போய், அதையே காட்சியாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எப்படி அவளுக்கு மனசு வந்தது என்று கேட்டு உங்களில் பாதிப் பேர் எனக்குக் கடிதம் எழுதிவிட்டீர்கள். வாராவாரம் எழுதிப் பாருங்கள், மனசு எப்படியெல்லாம் வரும் என்று தெரியும்.

இன்றைக்கு அந்தக் காட்சியைப் படம் பிடிக்கிறார்கள். கைவசம் எபிசோட் ஒன்றும் மிச்சம் இல்லை. காலையில் எடுத்து, மத்தியானம் எடிட் செய்து, சாயங்காலமே ஒளிபரப்பு. லிஃப்ட்காரனுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

*

"என்னங்க, ஒரு விஷயம் சொல்லணும்."

லிஃப்ட்காரன் சமையலறை மேடைமேல் தன் கருவிப் பையைக் கவிழ்த்து வைத்து, ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிரீஸ் துணியை வைக்காதீர்கள் என்று அவள் நூறு தரம் சொல்லியிருக்கிறாள். இன்றைக்குச் சொல்லவில்லை. அதிலேயே அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

"என்ன, மறுபடியும் ராத்திரி ஷூட்டிங்கா?"

"இல்லை. இன்னைக்கு வர்ற எபிசோட்ல... நெட்டையன் சீன் வருது."

அவன் கை நின்றது.

"எந்த நெட்டையன் சீன்?"

"நீங்க சொன்னதுதான். ஆனா எல்லாத்தையும் மாத்திட்டேன். பேர் வேற. வயசு வேற. பம்ப் ரூமை எடுத்துட்டுப் பாழடைஞ்ச ஸ்கூல்னு வெச்சிருக்கேன். அம்மாவுக்குப் பதிலா ஒரு தங்கச்சி. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"ஷூவை மாத்தினியா?"

ஷூவை மட்டும் அவள் மாற்றவில்லை. அதுதான் அந்தக் காட்சியின் உயிர் என்று இயக்குநர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார். எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. பெரியதையெல்லாம் தயங்காமல் மாற்றிவிடுவோம், சின்னதை மட்டும் விட மனசு வராது. பெற்றவளுக்குச் சின்னது ஒன்று போதும், பிள்ளையை அடையாளம் கண்டுபிடிக்க.

நடந்தது என்னவென்றால், நெட்டையனுக்கு வயிற்றில் காயம். ஒரு வாய்க்கால் ஓரத்துப் பம்ப் ரூமுக்குள் இவர்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். வெளியே எதிரிகள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள், யாரும் கிட்டே வர முடியவில்லை. மத்தியானம் ஆரம்பித்தது, நன்றாக இருட்டிய பிறகுதான் முடிந்தது. அவ்வளவு நேரமும் நெட்டையன் பேசினான். அழுதான், திட்டினான், மறுபடி பேசினான். கால் எரிகிறது, ஷூவைக் கழற்றிவிடுடா என்று கெஞ்சினான். சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் காலில் எதுவும் இருக்கக் கூடாது, பள்ளிக்கூடத்திலேயே அதற்காக அடி வாங்கியவன். எந்த நிமிடமும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்று நினைத்து லிஃப்ட்காரன் ஷூவைக் கழற்றவே இல்லை. ஓட வேண்டிய சந்தர்ப்பம் வரவும் இல்லை.

பெரியம்மாவிடம் அவன் சொன்னது வேறு. ஒரே குண்டு. நெற்றியில். 'அம்மா'ன்னு ஒரு வார்த்தை. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டான். வலியே தெரிஞ்சிருக்காது பெரியம்மா.

ஆறு வருடமாக அந்த அம்மாள் இந்த நாலைந்து வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், தூங்குகிறாள். எதிர் வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் இவர்கள் வீட்டுக்கு வந்து, இவர்கள் டி.வி.யில்தான் அந்தத் தொடரைப் பார்க்கிறாள்.

"உன்கிட்ட சொன்னேன்" என்றான் லிஃப்ட்காரன். "ஊருக்குச் சொல்லலை."

"எனக்கு வேற வழி தெரியலைங்க. எதார்த்தம் எதார்த்தம்னு உயிரை வாங்கினாங்க. வேலையே போயிடும்போல இருந்துச்சு."

"அதுக்கு?"

அவன் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் கத்துகிற ஜாதியில்லை. கருவிகளைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"மாத்துன்னு நான் சொல்ல மாட்டேன். அது உன் பொழப்பு. ஆனா சாயங்காலம் பெரியம்மா பக்கத்துல நீ உட்காரு. அந்த சீன் வரும்போது அவங்க மூஞ்சிய நீ பாரு. என்னால முடியாது."

கதவு சாத்திக்கொண்டது. அடிக்காமல் மெதுவாகத்தான் சாத்தினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

*

பெரியம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, மருந்துச் சீட்டை மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்து, எந்த டாக்டரின் கிறுக்கல் என்று சொல்லிவிடுவாள். குரல் மட்டும் கடைக்கு அடங்காது. மூலத்துக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

காலையில் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரி செய்துவிட்டு லிஃப்ட்காரன் நேராக அங்கே வந்தான். வரும் வழியெல்லாம் ஒரு யோசனை பண்ணிக்கொண்டு வந்திருந்தான்.

"என்னடா இந்த நேரத்துல? தலைவலியா?"

"இல்லை பெரியம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன். இன்னைக்குச் சாயங்காலம் வெளியில போய்ச் சாப்பிடலாமா? நீங்களும் நானும்."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கும் அவளுக்கும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லை."

"அப்போ கடன் ஏதாவது வாங்கித் தொலைச்சியா?"

"ஐயோ பெரியம்மா, சாப்பிடக் கூப்பிட்டது ஒரு குத்தமா?"

"கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் கூப்பிடுற. அதான் கேட்டேன். வேற நாள் போவோம்டா. இன்னைக்கு முடியாது. இன்னைக்கு உன் பொண்டாட்டி சீரியல்ல பெரிய சீன் இருக்காம். நேத்துலேர்ந்து விளம்பரத்துல சொல்லிக்கிட்டே இருக்கான். 'கண்ணீரை அடக்க முடியாது'ன்னு எழுத்து வேற ஓடுது. இங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இருமல் மருந்து வாங்க வந்தவன்கிட்டகூட."

"நம்ம டி.வி. காலையிலேர்ந்து சரியில்லை. படம் ஆடுது."

"அப்போ போன்ல பார்த்துக்கறேன்."

"கண்ணு கெட்டுடும்."

"கெட்டா சொட்டு மருந்து இருக்கு, கடையிலயே." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலை அவளுக்குத் தெரிந்த அளவுக்குத் தாழ்த்தினாள். "நீ எதுக்கு பயப்படறேன்னு எனக்குத் தெரியும்டா. சிப்பாய் சாகிற சீன், பெரியம்மா தாங்க மாட்டாங்கன்னு நினைக்கிற. நான் தாங்குவேன். நம்ம பையன் வலியில்லாம போனான். அந்த நிம்மதி எனக்கு இருக்கு. எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?"

லிஃப்ட்காரன் கவுன்ட்டர் கண்ணாடிக்குள் இருந்த பல்பொடி டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"தண்ணி குடிச்சியா? உதடு காஞ்சு கிடக்கு பாரு. இந்தா."

அவள் தன் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். குடிக்காமல் போனால் அதற்கும் நாலு கேள்வி கேட்பாள்.

*

படப்பிடிப்புத் தளத்தில் அட்டையில் செய்த பாழடைந்த பள்ளிக்கூடம் தயாராக நின்றது. கரும்பலகையில் யாரோ நிஜமாகவே வாய்ப்பாடு எழுதி வைத்திருந்தார்கள். உடுப்புப் பகுதிப் பெண் சட்டைகளை டீத்தண்ணீரில் முக்கிப் பிழிந்து, காய்வதற்கு மின்விசிறி முன்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். எதார்த்தத்துக்குத்தான்.

சாகப்போகிறவர் ஒரு மூலையில் உட்கார்ந்து வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். எந்தத் தொடரானாலும் யாராவது சாக வேண்டுமென்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். யூனிட்டில் அவருக்குப் பெயரே சாவு மன்னன்.

வசனக்காரியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"மேடம், நமஸ்காரம். இருபது வருஷமா செத்துக்கிட்டிருக்கேன். ஒரு தடவைகூட வசனத்தோட செத்ததில்லை. எல்லாரும் மேல விழுந்து அழுவாங்க, நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பேன். நீங்கதான் எனக்குன்னு ஏழு பக்கம் எழுதியிருக்கீங்க. வீட்ல எல்லாரையும் பார்க்கச் சொல்லியிருக்கேன். அந்த ஷூ இடம் படிச்சப்போ என் பொண்ணு அழுதுட்டா."

வசனக்காரி நேராக இயக்குநரிடம் போனாள்.

"சார், இந்த சீனை மாத்தணும்."

"எதை?"

"சாவு சீனை. சின்னதாக்கிடலாம். ஒரே குண்டு, உடனே செத்துடறான்."

இயக்குநர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா உங்களுக்கு? இந்த சீனை வெச்சுத்தான் அந்த விமர்சகன் வாயை அடைக்கப் போறேன். ஒரு மனுஷன் சாக எவ்வளவு நேரம் ஆகும்னு இதுவரைக்கும் எந்த சீரியல்லயாவது காட்டியிருக்காங்களா? ஏம்மா, எதார்த்தமா எழுதுங்கன்னு மூணு மாசம் கெஞ்சினேன். எழுதிட்டு இப்போ வேண்டாம்னா?"

"இது ஒரு வீட்ல நடந்தது சார். அந்த வீட்ல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க இன்னைக்குப் பார்ப்பாங்க."

"அதனாலதானே நல்லா இருக்கு!"

அவர் கெட்டவர் இல்லை. தூங்கி நாளாகிவிட்ட மனிதர், அவ்வளவுதான். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. நல்லதாக ஒன்று கைக்குக் கிடைத்திருக்கிறது, அதை விட மாட்டேன் என்கிறார். வசனக்காரி அவர் இடத்தில் இருந்தால் அவளும் விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்ததால்தான் அவளால் கோபப்பட முடியவில்லை.

கெஞ்சி நடக்காது என்று புரிந்தபோது அவள் தொழில்காரியானாள். தயாரிப்பு மேனேஜரைத் தனியாகப் பிடித்தாள்.

"சார், அந்த ஏழு பக்கத்தை எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"கேட்காதீங்க மேடம். வயிறு எரியுது. சாயங்காலத்துக்குள்ள முடிச்சு அனுப்பினாத்தான் உண்டு. இல்லேன்னா பழைய எபிசோடைத்தான் போடுவாங்க. என் சீட்டு கிழிஞ்சிடும்."

"அரைப் பக்கத்துல எழுதித் தரேன். ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம். மத்தியானம் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடலாம்."

மேனேஜரின் முகத்தில் பல நாள் கழித்து ரத்தம் ஓடியது. அவர் நேராக இயக்குநரிடம் போய் நின்றார். கொஞ்ச நேரம் கை ஆட்டல், கொஞ்ச நேரம் கத்தல். 'சேனலுக்கு நீங்களே பதில் சொல்லுங்க' என்றதும் இயக்குநர் தொப்பியைக் கழற்றி நாற்காலிமேல் எறிந்தார்.

"எழுதித் தொலைங்க" என்றார் வசனக்காரியிடம். "ஆனா ஒண்ணு. நாளையிலேர்ந்து நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். எதார்த்தம்னு வாயைத் திறந்துகிட்டு இனிமே நீங்க என்கிட்ட வராதீங்க."

வேலை போய்விட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

மேக்கப் வேனில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தாள். லைட்டைத் திருப்பி வைத்துவிட்டு ஒரு ஆள் வாசலிலேயே காத்திருந்தான். யோசிக்க நேரம் ஏது? கையில் என்ன இருந்ததோ அதை எழுதினாள். ஆறு வருடமாகப் பெரியம்மா வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடமாகிப்போன அந்த நாலைந்து வாக்கியம்தான் கையில் இருந்தது. ஒரே குண்டு. நெற்றியில். 'அம்மா' என்று ஒரு வார்த்தை. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. தங்கச்சியைக்கூட மறுபடி அம்மாவாக்கிவிட்டாள். சாகிறவன் 'தங்கச்சி' என்று சொல்லிச் சாவானா என்ன?

தப்பு அங்கேதான் நடந்தது. எழுதும்போது அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் இந்த இடத்தில் அவள் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது, ஆனால் அவள் நிலையில் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

சாவு மன்னன் அரைப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், எனக்கு வசனமே இல்லையா?"

"ஒரு வார்த்தை இருக்கு சார். அம்மா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். வீட்டில் யாரும் பார்க்க வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவளும் போனை எடுத்தாள்.

"மாத்திட்டேன்" என்றாள்.

மறுமுனையில் லிஃப்ட் மோட்டார் சத்தம். "எப்படி மாத்தின?"

"நீங்க பெரியம்மாகிட்ட சொன்ன மாதிரியே."

மோட்டார் நின்றது. பிறகு, "சரி" என்றான். போனை வைப்பதற்கு முன்னால், "சாப்பிட்டியா?" என்றான். அதற்குத்தான் அவள் அழுதாள்.

*

சாயங்காலம் பெரியம்மா தன்னுடைய குஷனோடு வந்தாள். இவர்கள் வீட்டு நாற்காலி அவளுக்குக் குத்துகிறதாம். முடியைப் படிய வாரி, வேலைக்குப் போட்டுப் போன உடையை மாற்றி, ஏதோ விசேஷத்துக்குப் போகிறவள் மாதிரி தயாராகி வந்திருந்தாள். கையில் இரண்டு கைக்குட்டை.

"டி.வி. ஆடுதுன்னான் இவன். நல்லாத்தானே இருக்கு?"

"சரி பண்ணிட்டேன் பெரியம்மா" என்றான் லிஃப்ட்காரன்.

வழக்கமாக அவன் இந்தத் தொடரைப் பார்ப்பதில்லை. அறையில் இருப்பான், ஆனால் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது ரிப்பேர் பார்ப்பான். ஒரே ஒரு தடவை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, 'என்ன இவங்களுக்குத் தூக்கமே வராதா? நாங்க சந்து கிடைச்சா தூங்குவோம்' என்று சொன்னதோடு சரி. இன்றைக்குப் பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தான். வசனக்காரி மறுபக்கம் உட்கார்ந்தாள். வேலை போன கதையை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

தொடர் ஆரம்பித்தது. கதாநாயகன் ஓடினான். அவனுக்குப் பின்னால் சாவு மன்னன் ஓடினார். அட்டைப் பள்ளிக்கூடத்தின் வாசலில் கதாநாயகன் திரும்பி எதையோ சொல்ல வாயெடுத்தபோது 'டப்' என்று ஒரே ஒரு சத்தம். சாவு மன்னன் நின்றார். நெற்றியில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவப்பு. 'அம்மா' என்றார். மனிதர் அந்த ஒரு வார்த்தைக்குள் என்னவெல்லாமோ போட்டுப் பார்த்தார், பாவம். பிறகு மடங்கி விழுந்தார். கதாநாயகன் வானத்தைப் பார்த்து அலறினான். வயலின் இழுத்தது.

"வலியே தெரிஞ்சிருக்காது" என்றான் திரையில் இன்னொரு சிப்பாய். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டான்."

விளம்பரம் வந்தது.

லிஃப்ட்காரன் மூச்சு விட்டான். வசனக்காரி அவனைப் பார்த்தாள். முடிந்தது. பெரியம்மா இனி அழுவாள், இரண்டு கைக்குட்டையும் நனையும், தண்ணீர் கொடுத்துத் தேற்றினால் போதும்.

பெரியம்மா அழவில்லை. சோப்பு விளம்பரத்துக்கே கண் கலங்குகிறவள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான் பெரியம்மா."

அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள். திரையில் ஒரு குடும்பம் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

"இது இவன் சொன்னதுதானே?" என்றாள். "என் பையன் போனது. வார்த்தைக்கு வார்த்தை அதேதான்."

வசனக்காரி அவள் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிடுங்க பெரியம்மா. உங்களைக் கேட்காம எழுதினது தப்புதான். அவசரத்துல..."

"அதுக்குச் சொல்லலைம்மா. நீ எழுதினா என்ன? நம்ம கதைதானே, எழுதிக்கோ." பெரியம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்க்கிறதுக்குப் பொய்யா இருக்கே, அதைச் சொல்றேன்."

"நடிப்பு சரியில்லை பெரியம்மா" என்றாள் வசனக்காரி. "டைரக்டரும் அவசரத்துல எடுத்துட்டாரு. மேக்கப்பும்..."

"நடிப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ஆள் பாவம், நல்லாத்தான் பண்ணினார்." பெரியம்மா குஷனை முதுகுக்குப் பின்னாலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டாள். "காதால கேட்டப்போ எனக்கு ஒண்ணும் தோணலைடா. ஆறு வருஷமா நானும் எல்லார்கிட்டயும் அதையே சொல்லிக்கிட்டுத் திரியறேன். இப்போ கண்ணால பார்க்கிறேன். சீரியல் மாதிரி இருக்கு."

லிஃப்ட்காரன் எழுந்தான். "தண்ணி கொண்டு வரேன்."

"எனக்குத் தாகம் இல்லை. இரு."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"என் பையன் ஒத்தை வார்த்தையோட போயிட்டானாடா? அவனா? குளிக்கும்போதுகூட உள்ளேயிருந்து கத்திப் பேசிக்கிட்டே இருப்பான். ஜுரத்துல பேசுவான். தூக்கத்துல பேசுவான். வாயை மூடுடான்னு அடிச்சிருக்கேன் நான். அவன் ஒரே ஒரு தரம் 'அம்மா'ன்னு சொல்லிட்டு, நல்ல பிள்ளையா வாயை மூடிக்கிட்டுப் போயிட்டானா?"

அவள் குரல் உயரவில்லை. மருந்துக்கடையில் ஊருக்கே கேட்கிற குரல், இப்போது அந்த அறையைத் தாண்டவில்லை.

"நீ என் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்ப. எனக்குத் தெரியும். நீ அதைச் சொல்லாம இருந்திருந்தா நான் அந்த வருஷமே போய்ச் சேர்ந்திருப்பேன். அதுக்கு உனக்குக் கும்பிடு போடறேன். ஆனா அவன் என்னென்னவோ பேசியிருப்பான்ல? அதெல்லாம் உன்கிட்டயே இருக்குல்ல? அவன் கடைசியாப் பேசினது எனக்கு வேணும்டா."

வசனக்காரியின் போன் மடியில் அதிர்ந்தது. சேனல் ஆபீஸ். அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். திரையில் விளம்பரம் முடிந்து, கதாநாயகன் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தான். யாரும் பார்க்கவில்லை.

லிஃப்ட்காரன் வாசலைப் பார்த்தான். போய்விடுவான் என்றுதான் வசனக்காரி நினைத்தாள். காலையில் போன மாதிரியே கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விடுவான். அவன் போகவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் இருந்தது பயம் இல்லை, துக்கம்கூட இல்லை. மூட்டையை இறக்கி வைக்க இடம் கிடைத்த ஆளின் களைப்பு.

"உடனே போகலை பெரியம்மா" என்றான். "ரொம்ப நேரம் ஆச்சு."

பெரியம்மா தலையை ஆட்டினாள். கண்ணை மூடினாள், திறந்தாள். எழுந்து, நாற்காலியை டி.வி. பக்கத்திலிருந்து திருப்பி அவனுக்கு நேராக இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள். "எனக்கு நாளைக்குக் கடை லீவுதான்."